நேற்று கண்ட நாளை

முன்னோர் செய்த பிழைகளை எந்தத் தராசில் நிறுப்பது? இக்கேள்வி வரலாற்று ஆசிரியருக்கு மட்டும் உரியதன்று. வாப்பாவின் பழைய கடிதக் கட்டைப் பிரித்துப் படிக்கும் மகனுக்கும், பாட்டி காலத்துத் திருமண வழக்கங்களைக் கேட்டு முகம் சுளிக்கும் பேத்திக்கும் அது எழவே செய்கிறது. பழையது என்பதற்காகவே போற்றுவோர் ஒரு சாரார். பழையது என்பதற்காகவே எள்ளுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று நீதி சொல்வது எளிதன்று. ஆயினும் அது தேவையான பணி. ஏனெனில் இன்று நாம் செய்யும் தீர்ப்பைப் பார்த்துத்தான் நாளை நம்மை நிறுக்கப் போகும் பிள்ளைகள் தராசு பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதை ஆராய்வதற்கு ஓர் எளிய பொருளை எடுத்துக்கொள்வோம். 'ஸ்டார் டிரெக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் தொடங்கி, 1969 ஜூன் 3ஆம் நாள் முடிவுற்றது. மொத்தம் 79 பகுதிகள். 'எண்டர்பிரைஸ்' என்னும் விண்கலம் 23ஆம் நூற்றாண்டில் விண்மீன்களுக்கிடையே உலவுவதாகக் கதை. கலத்தின் தலைவர் கேப்டன் கிர்க். கூர்ங்காதுடைய ஸ்பாக் அவருடைய துணைவர். இந்தியாவில் 1980களில் தூர்தர்ஷன் அத்தொடரை ஒளிபரப்பியது.

அறநெறி பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு கற்பனைத் தொடர் எதற்கு என்று வாசகர் வினவலாம். கடந்த காலத்தை எழுதுகிறவர் நடந்தவற்றுக்குக் கட்டுப்பட்டவர். நிகழ்காலத்தை எழுதுகிறவர் கண்முன் இருப்பவற்றுக்குக் கட்டுப்பட்டவர். வருங்காலத்தை எழுதுகிறவருக்கோ எந்தத் தளையும் இல்லை. அவர் விரும்பினால் பசியை ஒழிக்கலாம், போரை ஒழிக்கலாம், உலகையே புதிதாகச் சமைக்கலாம். அத்தனை உரிமை இருந்தும் அவர் எதை மாற்றாமல் அப்படியே விட்டுவைத்தார் என்று பார்த்தால், அவர் நெஞ்சில் எது ஆழ வேரூன்றி இருந்தது என்பது விளங்கிவிடும். இந்த வகையில் பழைய எதிர்காலக் கதைகள் தம் காலத்தைப் பற்றி மிக உண்மையான சாட்சியம் அளிப்பவை.

பெட்டி வந்த காலம்

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கிற்று. எனினும் அதன் அலைகள் பொருநைக் கரையை எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும், தென்கோடி ஊர்களில் மாடியின் மீது நெடிய கம்பங்களை நட்டு, கடல் கடந்து வந்த படத்தைப் பிடித்துப் பார்த்தார்கள். காற்றடித்தால் படம் ஆடும். கம்பத்தைத் திருப்ப ஒருவர் மாடிக்கு ஓட வேண்டும். பின்னர் நாடெங்கும் குறைந்த ஆற்றல் கொண்ட ஒளிபரப்பு நிலையங்கள் பெருகின. தில்லியின் நிகழ்ச்சிகள் நெல்லைச் சீமைக்கும் வந்து சேர்ந்தன. தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டிகள். கூடத்தில் பாய் விரித்து அக்கம்பக்கத்தார் கூடியிருந்து பார்த்த காலம் அது.

பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகள். எண்டர்பிரைஸின் பணியாளர்கள் பொன்னிறம், நீலம், சிவப்பு என மூவகைச் சட்டை அணிந்திருந்தார்கள் என்பதே அப்பெட்டிகளில் தெரியாது. ஆங்கில உரையாடலும் பலருக்குப் புரியாது. இன்றோ அதே தொடரை முழு வண்ணத்தில், அடியில் ஓடும் எழுத்துகளுடன், கைப்பேசியிலேயே காணலாம். அன்று பாயில் அமர்ந்து பார்த்த சிறுவர்கள் இன்று தம் பிள்ளைகளை அருகிருத்திப் பார்க்கிறார்கள். புரியாமல் கண்டதைப் புரிந்து காணும்போது சில கேள்விகள் எழாமல் இருப்பதில்லை.

மூவகைக் குறைகள்

அத்தொடரின் குறைகளை நாம் மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வசதிக் குறை. வேற்றுலகப் பாறைகள் அட்டையாலும் பசையாலும் ஆனவை என்பது இன்று ஒரே பார்வையில் தெரிகிறது. கலத்தின் கதவுகள் தாமே திறந்து மூடுவதுபோல் தோன்றினாலும், மறைவில் நின்ற ஆட்கள்தாம் அவற்றை இழுத்தார்கள். மனிதரை ஓரிடத்தில் கரைத்து மற்றோரிடத்தில் உருவாக்கும் விந்தைக் கருவி அத்தொடரில் வருகிறது. ஒவ்வோர் உலகிலும் கலத்தை இறக்கிக் காட்டப் பணம் போதாமையால் பிறந்த உத்தி அது. இவற்றைக் கண்டு சிரிப்பது, ஏழை வீட்டு விருந்தில் பாத்திரத்தைக் குறை சொல்வது போன்றது.

இரண்டாவது, அறிவுக் குறை. 1967ஆம் ஆண்டு வந்த ஒரு பகுதி, 1990களில் உலகப் பெரும்போர் மூளும் என்றது. செயற்கை முறையில் வளர்க்கப்பட்ட மாமனிதர்கள் நாடுகளைக் கைப்பற்றுவார்கள் என்றது. 1990கள் கடந்துவிட்டன, அப்படி எதுவும் நிகழவில்லை. நம் தமிழிலும் இதற்கு இணையுண்டு. 1980களில் ஆனந்த விகடனில் வெளிவந்து, பின்னர் தூர்தர்ஷனிலும் தொடரான சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 2020களின் தொடக்கத்தில் ஒரு சர்வாதிகாரியின் பிடியில் இருக்கும் இந்தியாவைக் கற்பனை செய்தது. அவ்வாண்டுகளும் வந்து போயின. வருவதை அறியும் ஆற்றல் மனிதருக்கு இல்லை. இல்லாத ஆற்றலை ஒருவரிடம் எதிர்பார்த்துக் குறை கூறுவது நீதியாகாது.

மூன்றாவது, பார்வைக் குறை. தம் கண்முன் தெளிவாக இருந்ததைக் காணத் தவறுவது, அல்லது கண்டும் கைவிடுவது. பணமிருந்தாலும் தீராத குறை இது. அறிவு பெருகினாலும் தீராத குறை. இது நெஞ்சைச் சார்ந்தது. ஆகவே அறத்தின் தராசில் ஏற்றத்தக்கது இது ஒன்றுதான்.

எது கண்முன் இருந்தது?

முதலில் அத்தொடரின் பெருமையைச் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்த அந்நாளில், உஹூரா என்னும் ஆப்பிரிக்கப் பெண்ணைக் கலத்தின் தொடர்பு அதிகாரியாக அமர்த்தியது அத்தொடர். அப்பாத்திரத்தில் நடித்த நிக்கெல் நிக்கோல்ஸ் முதலாண்டு முடிவில் விலக எண்ணினார். அப்போது மார்ட்டின் லூதர் கிங் தம்மைச் சந்தித்து, விலக வேண்டாம் என்று வற்புறுத்தியதாக அவரே பிற்காலத்தில் பலமுறை கூறியிருக்கிறார். கலத்தைச் செலுத்தும் சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேய், ஜப்பானிய வழியினர் என்பதற்காகவே இரண்டாம் உலகப்போரின்போது தம் குடும்பத்துடன் முகாமில் அடைபட்ட சிறுவர். பனிப்போர் நடந்துகொண்டிருக்கையிலேயே ரஷ்ய இளைஞர் ஒருவரும் அக்கலத்தில் இடம்பெற்றார். இவை சிறிய துணிவுகள் அல்ல.

இனிக் குறையைப் பார்ப்போம். அத்தொடரின் இறுதிப் பகுதியில், கிர்க்கை முன்பு அறிந்திருந்த ஒரு பெண் வருகிறாள். விண்கலத் தலைமைப் பதவியில் பெண்களுக்கு இடமில்லை என்பது அவளுடைய மனக்குறை. அந்த ஏக்கம் அவளைப் பித்தாக்கி, கிர்க்கின் உடலையே வஞ்சகமாகக் கைப்பற்றச் செய்கிறது. முடிவில் அவள் தோற்று அழுகிறாள். அவளுடைய குறை நியாயமானதா என்று நின்று ஆராயாமல் கதை முடிந்துவிடுகிறது. விண்மீன்களுக்கிடையே கலம் ஓட்டும் 23ஆம் நூற்றாண்டில், பெண் தலைவியாக இயலாது என்ற ஒரு வழக்கம் மட்டும் மாறாமல் நிற்கிறது!

'அது அக்கால வழக்கம். அதற்காக அவர்களைக் குறை சொல்லலாமா?' என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி. வழக்கம் என்பது உண்மையான தடைதான். அதற்குள் பிறந்து வளர்ந்தவர் அதைத் தாண்டிக் காண்பது அரிது. ஆனால் அத்தடைக்கு அப்பால் எதுவுமே தெரியாத நிலை அன்று இருந்ததா?

அப்பகுதி ஒளிபரப்பாவதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பே, 1963 ஜூனில், வாலெந்தினா தெரெஷ்கோவா என்னும் ரஷ்யப் பெண் விண்வெளியை வலம் வந்துவிட்டார். இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. 1905ஆம் ஆண்டு, நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஆங்கில மகளிர் ஏடு ஒன்றில் 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை வெளியாயிற்று. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண்மணி பேகம் ருக்கையா. பெண்களே அறிவியல் வளர்த்து ஆளும் நாட்டை அதில் அவர் படைத்தார். அங்கே கதிரவனின் வெப்பத்தை அடக்கி ஆண்டார்கள். மேகத்திலிருந்து நீரைப் பெற்றார்கள். வான ஊர்தியில் பறந்தார்கள். பின்னாளில் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தியவரும் அவரே. திரைக்குள் வாழ்ந்த ஒருவருடைய கண்ணுக்குத் தெரிந்தது, 60 ஆண்டுகள் கழித்துப் பெரும் படப்பிடிப்புக் கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை என்றால், காலத்தின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட இயலுமா?

தெரியவில்லை என்பதும் முழு உண்மையன்று. அத்தொடருக்காக முதலில் எடுக்கப்பட்ட மாதிரிப் படத்தில் கலத்தின் இரண்டாம் அதிகாரியே ஒரு பெண்தான். அம்மாதிரியைத் தொலைக்காட்சி நிறுவனம் ஏற்கவில்லை. இரண்டாவது மாதிரியில் அப்பெண் அதிகாரி இல்லை. கண்டார்கள், கைவிட்டார்கள். அறியாமைக்கு நாம் அளிக்கும் மன்னிப்பை இதற்கும் அப்படியே அளிக்க இயலாது.

நம்மைப் போன்றோர் அக்கலத்தில் எங்கே இருந்தோம் என்றும் கேட்கலாம். 1967இல் வந்த அந்த மாமனிதர் கதையின் கொடுந்தலைவன் வட இந்தியாவைச் சேர்ந்தவன். பெயர் கான் நூனியன் சிங். முஸ்லிம் பெயரையும் சீக்கியப் பெயரையும் ஒன்றாக முடிந்து வைத்த பெயர் அது. நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மோண்டல்பான். உலக மக்களையெல்லாம் ஏற்றிச் செல்வதாகச் சொன்ன கலத்தில், முதன்மைப் பாத்திரங்களுள் இந்தியர் ஒருவர்கூட இல்லை.

இரு நிறத்து முகங்கள்

1969 ஜனவரி 10ஆம் நாள் வந்த மற்றொரு பகுதியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு 9 மாதங்கள் ஆகியிருந்த நேரம். செரான் என்னும் உலகிலிருந்து வந்த இருவர் ஒருவரையொருவர் அழிக்கத் துடிக்கிறார்கள். இருவர் முகமும் ஒரு பாதி கறுப்பு, மறு பாதி வெள்ளை. பகைக்குக் காரணம் என்னவென்று கிர்க்குக்கும் ஸ்பாக்குக்கும் விளங்கவில்லை. ஒருவனுக்கு வலப்புறம் கறுப்பு. மற்றவனுக்கு இடப்புறம் கறுப்பு. அவர்களுள் ஒருவன் சுட்டிக்காட்டும்வரை அவ்வேற்றுமை அயலார் கண்ணில் படவே இல்லை! இறுதியில் அவர்களுடைய உலகத்தார் அனைவரும் ஒருவரையொருவர் கொன்று முடித்துவிட்டது தெரியவருகிறது. அப்போதும் அவ்விருவரும் துரத்துவதை நிறுத்தவில்லை.

கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தவர்க்கும் இந்தக் கதை மட்டும் குறைவின்றிப் புரிந்திருக்கும். ஆயினும் இன்று நுணுகிப் பார்க்கையில் இதிலும் ஒரு குறை தெரிகிறது. இருவரில் ஒருவன் அடக்கி ஆண்ட இனத்தவன். மற்றவன் அடிமைப்பட்டிருந்த இனத்தவன். கதையோ இருவரையும் ஒரே தட்டில் வைத்து, 'இருவரும் வெறுப்பை விட்டொழிக்க வேண்டும்' என்று அறிவுரை கூறி முடிகிறது. அடித்தவனையும் அடிபட்டவனையும் சமமாகக் கண்டிப்பது நடுநிலைமைபோல் தோன்றும். அடிபட்டவனுக்கு அது இரண்டாம் அடியாகிவிடும்.

செரானின் கதை நமக்கு அயலானதா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். வெட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டோர் உடன் பயின்ற மாணவர்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துருவின் தலைமையில் அரசு அமைத்த ஒருநபர்க் குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. மாணவர்கள் சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. ஒரே பள்ளி, ஒரே சீருடை, ஒரே மொழி, ஒரே ஆற்றின் நீர். அயலார் எவரும் வேற்றுமை காண இயலாத பிள்ளைகள், வேற்றுமையைக் காட்டுவதற்கென்றே கயிறு தேடிக் கட்டுகிறார்கள். செரானியருக்காவது முகத்திலேயே நிறம் இருந்தது.

'அது பிற சமுதாயத்தார் சிக்கல், நமக்கென்ன?' என்று நாம் ஒதுங்க இயலாது. ஒரே வரிசையில் தோளோடு தோள் நின்று தொழும் நாம், பெண் கொடுக்கல் வாங்கல் என்று வரும்போது என்ன செய்கிறோம்? முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பம் என்று அறிந்தால் பேச்சை மெல்ல மாற்றிவிடும் வழக்கம் நம் ஊர்களில் அடியோடு மறைந்துவிட்டதா? ரவுத்தர், மரைக்காயர், லெப்பை என்ற வேற்றுமை வெளியூராருக்குத் தெரியாது; திருமணத் தரகருக்குத் தெரியும். கையில் கயிறு இல்லை என்பதனாலேயே மனத்திலும் இல்லை என்றாகிவிடாது.

செங்கோட்டைப் பெண்

அந்த இறுதிப் பகுதியின் தீர்ப்பைப் பொய்யாக்கியவர்களுள் ஒருவர் நம் சீமையிலேயே பிறந்தவர். கதிரவனை ஆராயும் ஆதித்யா எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6ஆம் நாள், பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ள தன் இடத்தை அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி அவர்கள், செங்கோட்டையில் பிறந்து அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவர். திருநெல்வேலி அரசு பொறியியற் கல்லூரியில் பட்டம் பெற்று, 1987ஆம் ஆண்டு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தவர். விண்கலத் தலைமை பெண்ணுக்கு இல்லை என்று கதை சொன்ன நாளிலிருந்து 54 ஆண்டுகளே கடந்திருந்தன. 23ஆம் நூற்றாண்டுவரை காத்திருக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில்தான் நம் ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் எந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன.

நாம் பெருமைப்படுகிறோம், அது தகும். ஆனால் பெருமையோடு நின்றுவிடுவது, நம் நலத்துக்கேற்பத் தராசைச் சாய்ப்பதாகும். அவர் பொறியியல் பயின்ற அதே 1980களில், மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் எத்தனையோ பெண் பிள்ளைகள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பருவம் அடைந்ததும் படிப்பு நின்றது. பீடி இலையும் தூளும் வீட்டுக்கே வந்தன. அந்த வருமானத்தில் தம்பிமார் படித்தார்கள். அக்காமாரின் திருமணங்கள் நடந்தன. கணக்கில் வல்லவளாய் இருந்து, கட்டுக்கு எத்தனை என்று எண்ணுவதோடு அக்கணக்கை முடித்துக்கொண்டவள் யார் என்பது எந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது. அவர்கள் மறைவான இடத்தில் இருக்கவில்லை. நம் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும், நாள்தோறும் நம் கண்முன் இருந்தார்கள்.

இன்று நம் பெண் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். எனினும் பட்டம் பெற்றபின் அவர்களுக்கு என்ன பணி, யார் முடிவு செய்வது என்னும் கேள்வி பல வீடுகளில் இன்னும் அவர்களிடம் கேட்கப்படாத கேள்வியாகவே இருக்கிறது. படிக்க வைத்துப் பின் கைவிடுவதும், முதல் மாதிரியில் காட்டி இரண்டாவதில் நீக்கியதும் எவ்வகையில் வேறுபட்டவை?

எப்படிக் காண்பது?

ஆதலின், பழைய படைப்புகளை நம் பிள்ளைகளுக்குக் காட்டாமல் மறைக்க வேண்டியதில்லை. குறையே இல்லாதவை என்று புகழ வேண்டியதும் இல்லை. ஒன்றாக அமர்ந்து பார்க்கலாம். பார்த்தபின் சில கேள்விகளை எழுப்பலாம். இதில் காணும் குறை பணமின்மையால் வந்ததா, அறியாமையால் வந்ததா, பாராமையால் வந்ததா? அக்காலத்தில் வேறு எவரேனும் அதைக் கண்டு சொல்லியிருக்கிறார்களா? அதே குறை நம் வீட்டில், நம் தெருவில், நம் ஜமாஅத்தில் இன்று உண்டா?

இறுதிக் கேள்வியைக் கேட்காமல் முதலிரண்டை மட்டும் கேட்பது எளிது, இனிமையானதும்கூட. இறந்துபோனவர்களைக் கண்டிப்பதால் நமக்கு எந்தச் செலவும் இல்லை. 1969ஆம் ஆண்டின் ஓர் எழுத்தாளரைப் பழிப்பதால் நம் மகளுக்கு எந்த வாசலும் திறப்பதில்லை. நமக்கே எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சி நிற்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அந்நீதியைப் பழைய படத்தின் மீது செலுத்துவதற்குத் துணிவு தேவையில்லை. மகளின் பணியைப் பற்றிப் பேசும் நாளிலும், மகனுக்குப் பெண் பார்க்கும் நாளிலும்தான் அது தேவைப்படும்.

இன்னும் 50 ஆண்டுகள் கழித்து, இன்றைய நம் நிழற்படங்களையும் காணொளிகளையும் நம் பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பார்கள். நம் கைப்பேசிகளின் பருமனைக் கண்டு சிரிக்கட்டும். அதில் நமக்கு வருத்தமில்லை. வருவதை நாம் தவறாகக் கணித்திருந்தால் அதையும் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் திருமணப் படம் ஒன்றைச் சுட்டி, 'இந்த ஓரத்தில் நிற்கும் பெண் யார்? நன்றாகப் படித்தவள் என்றீர்களே, பிறகு என்ன ஆனாள்?' என்று கேட்டால், 'அது அக்கால வழக்கம்' என்னும் விடையை அவர்களிடம் சொல்ல இயலாது. அக்கேள்விக்கு வேறு விடை சொல்லும் காலம் இன்னும் நம் கையில் இருக்கிறது. அந்தப் பெண் இன்று நம் வீட்டில்தான் இருக்கிறாள்.